பொருநைக் குரங்கணியிலிருந்து மலைக் குரங்கணிக்கு

குரங்கணி என்ற பெயரைக் கேட்டதும் சிவநெறிச் செல்வர்கள் சிலருக்குக் காஞ்சிக்கு அருகே, மாமண்டூரை அடுத்துள்ள குரங்கணில்முட்டம் நினைவுக்கு வரலாம். வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், யமன் காகமாகவும் வந்து வழிபட்ட தலம் அது. திருஞானசம்பந்தப் பெருமானின் பாடல் பெற்றது. குரங்கு, அணில், முட்டம் என்று பிரித்துப் படித்தால்தான் அதன் பெயர் விளங்கும். முட்டம் என்பது காகம். ஆகவே அவ்வூருக்கும் இங்கே நாம் பேசப்போகும் ஊர்களுக்கும் ஒலி அளவில்தான் உறவு.

தென்பாண்டிச் சீமையில் பிறந்த எங்களைப் போன்றோருக்குக் குரங்கணி என்றால் தாமிரபரணிக் கரையில், தென்திருப்பேரைக்கு அருகேயுள்ள சிற்றூர்தான். அங்கே எழுந்தருளியிருப்பவள் முத்துமாலை அம்மன். இராவணன் கவர்ந்து சென்றபோது சீதாப்பிராட்டி கழற்றி எறிந்த முத்துமாலை விழுந்த இடம் அது என்றும், பிராட்டியைத் தேடிவந்த வானரப்படை அங்கே அணிவகுத்து நின்றமையால் குரங்கணி எனப் பெயர் வந்தது என்றும் தலவரலாறு கூறும். ஆனிமாதப் பெருந்திருவிழாவில் அந்தச் சிற்றூர் கொள்ளாத கூட்டம் கூடும். என் மனைவியின் பிறந்த வீட்டாருக்கு முத்துமாலை அம்மனே குலதெய்வம்.

இன்னொரு குரங்கணி தேனி மாவட்டத்தில் இருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில், சாலை முடிகிற இடத்தில் அமைந்த சிறிய மலைக்கிராமம். 2018ஆம் ஆண்டு வரை தமிழ்நாட்டில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்த ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தெரியாதவர் இல்லை.

அன்று இரவு தொலைக்காட்சியில் ‘குரங்கணியில் காட்டுத்தீ’ என்ற வரி ஓடத் தொடங்கியதும், வெளியூரில் இருக்கும் உறவினர் இருவர் தூத்துக்குடியிலுள்ள எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். “நம்ம அம்மன் கோயில் பக்கமா தீப்பிடிச்சிருக்கு?” என்று பதறினார்கள். “இல்லை, அது மலைமேல இருக்கிற குரங்கணி” என்று என் மனைவி பதில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே நெடுநேரம் அமர்ந்திருந்தாள். மலையேற்றத்துக்குச் சென்றிருந்த இளைஞர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் தீயின் நடுவே அகப்பட்டிருந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் முத்துமாலை அம்மன் சந்நிதிக்குச் சென்று, முகமறியாத அந்தப் பிள்ளைகளுக்காக விளக்கேற்றி வந்தாள். மருத்துவமனைகளில் இருந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தார்கள். இறுதியில் உயிரிழந்தோர் எண்ணிக்கை 23 ஆயிற்று.

“ஒரே பேருள்ள ஊரு. நம்ம அம்மன் குங்குமத்தையும் பொருநைத் தண்ணியையும் ஒரு தடவை அங்க கொண்டுபோய்ச் சேர்க்கணும்” என்று அவள் சொன்னது அந்த வாரத்தில்தான். நேர்த்திக்கடன் என்று அதை அவள் சொல்லவில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆனித் திருவிழாவிலும் நினைவுபடுத்தினாள். துயரம் நிகழ்ந்த இடத்துக்குப் பொழுதுபோக்காகப் போவதுபோல் ஆகிவிடுமே என்ற தயக்கம் எனக்கு இருந்தது. பிறகு மகளின் பேறுகாலம், பெருந்தொற்றுக் காலம், என் கண் அறுவைச் சிகிச்சை என்று ஆண்டுகள் ஓடின. எனக்கு எழுபத்திரண்டும் அவளுக்கு அறுபத்தேழும் ஆனபின், ஒரு தை மாதத்தில், பொங்கல் கழிந்த வாரத்தில் அந்தப் பயணம் கைகூடியது. மழை ஓய்ந்து, வெயில் ஏறாத பருவம். எங்கள் தெருவிலேயே வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர், “ஆச்சி, உங்களுக்குன்னா மெதுவாத்தான் ஓட்டுவேன்” என்று வாக்களித்து உடன் வந்தார்.

முதலில் திருச்செந்தூர். ஆறுபடை வீடுகளில் கடலோரம் அமைந்தது இது ஒன்றே. மலையும் மலைசார்ந்த நிலமுமாகிய குறிஞ்சிக்குச் சேயோனையும், நெய்தலுக்கு வருணனையும் தெய்வமாக வகுத்தது தொல்காப்பியம். அந்தச் சேயோன் அலையடிக்கும் கரையில் வந்து நிற்கும்போது, கடலுக்கும் மலைக்கும் இடையே நாம் போடும் எல்லைக்கோடுகளைத் தெய்வம் பொருட்படுத்துவதில்லை என்றே தோன்றுகிறது. விசுவரூப தரிசனம் முடித்து, கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பினோம்.

முத்துமாலை அம்மனை வணங்கியபோது காலை ஒன்பது மணி. பூசாரியிடம் செய்தியைச் சொன்னோம். அவர் தனியே ஓர் இலையில் குங்குமம் மடித்துக் கொடுத்தார். என் மனைவி ஆற்றுக்கு இறங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சிறிய பித்தளைச் செம்பில் பொருநை நீரை எடுத்துக்கொண்டாள். செம்பின் வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்தபடியேதான் காரில் அமர்ந்திருந்தாள். அதனால் எங்கள் ஓட்டுநர் வேகத்தடை ஒவ்வொன்றையும் மாட்டுவண்டிபோல் ஏறி இறங்கினார்.

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் வழியே மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருபுறமும் கரிசல் காடு. கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மனைச் சாலையிலிருந்தே வணங்கிவிட்டுக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டோம். மாலையில் மதுரை வந்து, விடுதியில் சற்று ஓய்ந்து, மீனாட்சி சந்நிதியில் நின்றோம்.

மதுரையில் அன்று எனக்கு வேறொரு நினைவு ஓடிக்கொண்டிருந்தது. குரங்கணியைச் சுற்றியுள்ள மலைகளிலும், அப்பால் மூணாற்று மலைகளிலும் வாழும் பழங்குடியினர் முதுவர். தங்கள் முன்னோர் மதுரையைச் சேர்ந்தவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் வரலாறு. மதுரைக்குக் கேடு வந்த ஒரு காலத்தில், மீனாட்சி அம்மனின் திருவுருவை முதுகில் சுமந்துகொண்டு அவர்கள் மலையேறினார்களாம். முதுகில் சுமந்தவர்கள் முதுவர் ஆனார்களாம். அந்தக் கேடு படையெடுப்பு என்பார் சிலர். கண்ணகியின் சினத்தால் நகர் எரிந்த நாள் என்பார் சிலர். அதே மேற்கு மலையில், கூடலூருக்கு மேலே, சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டும் பக்தர்கள் ஏறிச்செல்லும் கண்ணகி கோயில் இருப்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. முதுவர் குலப் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிச் சுமக்கும் வழக்கத்தை நூறாண்டுகளுக்கு முன்னரே குறித்து வைத்திருக்கிறார்கள்.

வரலாற்று அறிஞர்கள் இந்த மரபை எப்படி மதிப்பிடுவார்களோ, என் போன்ற சாதாரண பக்தனுக்கு அது போதும். பிட்டுக்கு மண் சுமந்தான் என்று சிவபெருமானையே சுமைகூலியாளாக்கி, ஆவணி மூலத்தில் விழா எடுக்கும் ஊர் மதுரை. அந்த ஊரின் அம்மையைச் சிலர் முதுகில் சுமந்து காட்டுக்குள் கொண்டுபோனார்கள் என்றால் நம்புவதற்கு என்ன தடை? சந்நிதியில் இதை மெல்லச் சொன்னேன். என் மனைவி மடியிலிருந்த செம்பைக் கையில் தூக்கிப் பிடித்து, அம்மனுக்கு ஒருமுறை காட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை உசிலம்பட்டிச் சாலையில் கிளம்பினோம். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. இதுவும் கடலுக்குக் கடல் போகிற பாதைதான், இடையில் ஒரு மலையை ஏறி இறங்குகிறது. சாலையோடு கூடவே சில இடங்களில் இருப்புப்பாதை வருகிறது. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதையாக்குவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2023 ஜூன் 15 அன்றுதான் மீண்டும் போடியைத் தொட்டது. ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்றின் குணம் மாறுகிறது. மேற்கே, வானத்தின் அடியில் நீலக்கோடாக ஒரு மலை எழுகிறது. தேனியை நெருங்க நெருங்க அந்தக் கோடு சுவராக உயர்கிறது.

போடிநாயக்கனூரில் இறங்கியதும் மூக்குக்குத்தான் முதல் தரிசனம். ஏலக்காய் மணம் கடைகளிலிருந்து மட்டும் வருவதன்று. சாக்குகள் ஏற்றிய வண்டி கடந்துபோனாலே தெரு மணக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கு இருக்கிறது. மலையின் அந்தப் பக்கம் கேரளத்தில் விளைகிற ஏலக்காயும் இந்த ஊருக்கு வந்து விலைபேசப்பட்டு வடநாட்டுக்குப் போகிறது. விடியற்காலையில் இங்கிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களைப் பார்த்தோம். மாலையில் திரும்பிவிடுவார்களாம்.

நாம் பெருமாள் கோயிலில் கை நீட்டிப் பெறுகிற தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரத்தோடு ஏலக்காயும் சேர்கிறது. அது எப்படி விளைகிறது என்பதை எழுபது வயதுவரை நான் அறிந்திருக்கவில்லை. ஆளுயரத்துக்கு மேல் இஞ்சி இனச் செடியாக வளர்கிற ஏலத்தின் காய், உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு தரையாக நீளும் சரங்களில் காய்க்கிறது. பறிப்பவர் குனிந்தே இருக்க வேண்டும், அல்லது மண்ணில் அமர்ந்து நகர வேண்டும். எல்லாம் ஒன்றாகப் பழுப்பதும் இல்லை; பதம் பார்த்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும். பறித்த காயை வெயிலில் போட்டால் பச்சைநிறம் போய்விடும் என்பதால், சூடான அறைகளில் பரப்பி இரவெல்லாம் உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் மிஞ்சும். இதையெல்லாம் கடைக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டபோது என் மனைவி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். குனிகிற வேலையின் வலி அவளுக்குத் தெரியும்.

ஊருக்கு மேற்கே ஒரு குன்றின்மேல் பரமசிவன் கோயில் இருக்கிறது. சித்திரைத் திருவிழா சிறப்பாக நடைபெறும் தலம். படிகளில் நின்று நின்று ஏறினோம். மேலிருந்து பார்த்தால் ஒருபுறம் தென்னந்தோப்புகளும் ஊரும், மறுபுறம் மேற்குத்தொடர்ச்சி மலையின் செங்குத்தான முகமும் தெரிகின்றன. நாளை அங்கேதான் போகப்போகிறோம் என்று காட்டினேன். “அந்தப் பிள்ளைக எந்தப் பக்கமா இறங்கி வந்திருக்கும்?” என்று கேட்டாள். மலையில் எந்த மடிப்பு எது என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? பரமசிவனை வணங்கிவிட்டு இறங்கினோம்.

மூன்றாம் நாள். போடியிலிருந்து முந்தல் வரை ஒரே சாலை. அங்கே வழி பிரிகிறது. பெருஞ்சாலை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு வழியே மூணாற்றுக்குப் போகிறது. மற்றொன்று குறுகிய சாலையாக மலைகளுக்கு நடுவே நுழைந்து குரங்கணியில் நின்றுவிடுகிறது. மாந்தோப்புகளும் இலவ மரங்களும் இருபுறமும். இலவங்காய்கள் இன்னும் வெடிக்கவில்லை, கிளிகள் காத்திருக்கட்டும். கூடவே கொட்டகுடி ஆறு பாறைகளின் இடையே சிறு ஒலியோடு ஓடிவந்தது. இந்த ஆறு போடியைக் கடந்து, தேனிப் பக்கமாகச் சென்று வைகையோடு கலக்கிறது. அப்படியானால் நேற்று முன்தினம் மதுரையில் பார்த்த வைகைக்கு இதுவும் ஒரு தாய்.

இந்தச் சாலைக்கு ஒரு பழங்கதை உண்டு. எங்கள் தூத்துக்குடிக்கும் அதில் பங்கு உண்டு. மூணாற்றின் தேயிலையைக் கீழே கொண்டுவர வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் 1902இல் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று போட்டார்கள். 1908இல் அது சிறிய இரட்டைத் தண்டவாள ரயிலாயிற்று. மலையுச்சியில் அந்த ரயில் முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் தேயிலைப் பெட்டிகள் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சரிந்து, குரங்கணிக்கு அருகே கொட்டகுடியில் இறங்கின. அந்த இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன். பிறகு மாட்டுவண்டியில் போடி. அப்பால் தூத்துக்குடித் துறைமுகம். அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மேலேயிருந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. மலையாள நாட்டார் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. ரயில் வராத ஊர்களுக்கு ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருப்பதைக் கேட்டு எங்கள் ஓட்டுநர் சிரித்தார். “அப்ப நாம வந்த வழி தேயிலை போன வழிதானா, அண்ணாச்சி?” என்றார். ஏறக்குறைய அந்த வழியைத்தான் எதிர்த்திசையில் வந்திருந்தோம்.

குரங்கணியில் சில கடைகள், சிறிய வீடுகள், வனத்துறை அலுவலகம், ஒரு கோயில். தலையை நன்றாக நிமிர்த்தினால்தான் மலையின் உச்சி தெரிகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 7000 அடியைத் தாண்டிய உயரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மேலே பசுமை, கீழே, நாங்கள் நின்ற பக்கத்துச் சரிவுகளில் இடுப்பளவு புல். தென்மேற்குப் பருவமழையை மலையின் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் மழைமறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைக்கும் புல், மாசி பங்குனியில் வைக்கோலாகிவிடும். காய்ந்த புல்லில் பற்றிய தீ சமதளத்தில் பரவுவதைவிட மேட்டை நோக்கி வேகமாக ஏறும். மேலெழும் வெப்பமே அடுத்த புல்லை முன்கூட்டி உலர்த்திவிடுகிறது. சரிவில் நடுவழியில் நிற்கிற மனிதன் அதைவிட வேகமாக ஓட முடியாது. அந்த மார்ச் மாதம் நிகழ்ந்தது இதுதான். அந்த ஆண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. இன்று அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுக்குள் கால்வைக்க இயலாது.

செய்தி பரவிய மாலையில் முதலில் மலையேறியவர்களுள் இந்தப் பக்கத்து ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். வனத்துறையினர், தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், பின்னர் விமானப்படையினர் என்று பலரும் வந்தார்கள். வண்டி போகாத சரிவு; இருட்டு. போர்வைகளில் கிடத்தியும், கம்புகளில் டோலி கட்டியும், தோளிலும் முதுகிலும் சுமந்தும் காயப்பட்டவர்களை இறக்கினார்கள்.

கடையொன்றில் தேநீர் அருந்தினோம். கடையிலிருந்த மூதாட்டிக்கு என் மனைவியின் வயதுதான் இருக்கும். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். தூத்துக்குடி என்றதும், “அம்புட்டுத் தூரத்துல இருந்தா? மேல போக இப்ப விடமாட்டாகளே” என்றார். மேலே போக வரவில்லை என்று சொல்லி, வந்த காரணத்தை என் மனைவி விளக்கினாள். மூதாட்டி சிறிதுநேரம் பேசவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு சொன்னார்:

“அன்னைக்கு மேல போனதுல எங்க வீட்டுப் போர்வையும் ஒண்ணு, தாயி. அது திரும்பி வரலை. வரவேண்டியதும் இல்லை.”

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெற்றோரும் மற்றோரும் வந்து அழுதுவிட்டுப் போன ஊரில், எதையும் துருவிக் கேட்பது முறையன்று. என் மனைவி இலையில் மடித்த குங்குமத்தை எடுத்து நீட்டினாள். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

“உங்க ஊரு அம்மனுக்கு என்ன பேரு?”

“முத்துமாலை.”

“முத்துமாரியா?”

“இல்லை, முத்துமாலை. சீதையம்மா மாலை விழுந்த இடம். அந்த ஊருக்கும் குரங்கணின்னுதான் பேரு.”

மூதாட்டி அந்தப் பெயரை இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒரு சிட்டிகையை நெற்றியில் வைத்தார். பிறகு கடையைப் பேரனிடம் ஒப்படைத்துவிட்டு, “வாங்க, கோயிலுக்குக் கூட்டிப் போறேன்” என்று முன்னே நடந்தார்.

என் மனைவி தன் பையில் இருபத்துமூன்று அகல்களும், ஒரு புட்டி நல்லெண்ணெயும், திரியும் வைத்திருந்தாள். மலைச்சரிவின் தொடக்கத்தில், மரத்தடியில் வரிசையாக ஏற்றி வைக்க வேண்டும் என்பது அவள் நினைத்திருந்தது. இறந்தவர்க்கு மோட்ச தீபம் ஏற்றுவது நம் மரபுதானே. ஆனால் காலையில் அந்தப் புல்வெளியைக் கண்ணால் கண்டதுமே அவள் அந்தப் பையைத் திறக்கவில்லை. “இந்த மலையில நெருப்புப் பத்த வைக்க என் கை வராது” என்றாள். கோயிலுக்குள், அம்மன் முன்னே, சிமென்ட் தரையில் பூசாரியின் கையால் ஒரே ஓர் அகல் மட்டும் ஏற்றப்பட்டது. மற்ற இருபத்திரண்டையும் எண்ணெயின்றி, திரியின்றி அதன் அருகே அடுக்கி வைத்தாள். பூசாரியும் மறுப்புச் சொல்லவில்லை. அந்த ஒரு சுடரையும், நாங்கள் புறப்படும்வரை அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்.

இதை இங்கே சற்று விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. சதுரகிரி, வெள்ளியங்கிரி, கண்ணகி கோயில் என்று நம்மில் பலர் மலைத்தலங்களுக்குப் போகிறோம். வழியிலுள்ள பாறையிலும் மரத்தடியிலும் சூலத்தடியிலும் ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்திவிட்டு நடப்பது நமக்கு மூச்சுவிடுவதுபோல் பழகிப்போயிருக்கிறது. எளிதில் தீப்பற்றும் பொருள்களைக் கொண்டுவராதீர்கள் என்று வனத்துறை சொல்லும்போது, பக்திக்கே தடை போடுவதாகச் சிலர் சினம் கொள்வதையும் கண்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சினம் புரியவில்லை. காட்டில் தெய்வத்துக்கு நீர் விட்டால் போதும். நீர் விடுவதும் பூசைதான். அபிஷேகப்பிரியன் என்றல்லவா சிவனைச் சொல்கிறோம்?

கோயிலிலிருந்து ஆற்றுக்குப் போனோம். இறங்குவதற்கு என் முழங்காலும் இசையவில்லை, அவளுடையதும் இசையவில்லை. எங்கள் ஓட்டுநர் ஒரு கையால் அவளையும் மறுகையால் செருப்புகளையும் பிடித்துக்கொண்டு பாறையில் இறக்கினார். செம்பின் துணியை அவிழ்த்துப் பாதி நீரை ஆற்றோரத்து மரமொன்றின் வேரில் விட்டாள். மீதியைக் கொட்டகுடி ஆற்றில் ஊற்றினாள். பொருநை நீர் இனி வைகைக்குப் போகும். வைகை இப்போதெல்லாம் கடலைச் சேர்வது அரிது; பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. போகிறமட்டும் போகட்டும். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நான் என் பங்குக்கு, எனக்குத் தெரிந்த நமசிவாய மந்திரத்தை இருபத்துமூன்று முறை சொல்லிக்கொண்டேன்.

தீ நிகழ்ந்த அதே 2018ஆம் ஆண்டில், சில மாதங்கள் கழித்து, இம்மலைத்தொடரின் மூணாற்றுப் பக்கத்தில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலர், முருகனுக்கு உகந்தது. அடுத்த பூப்பு 2030இல். மேலே ஏறிட்டுப் பார்த்தபடி அந்தக் கணக்கை என் மனைவியிடம் சொன்னேன். “அப்ப உங்களுக்கு எத்தனை வயசாகும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காரை நோக்கி நடந்தாள்.

குரங்கணிக்கு வர விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். மதுரையிலிருந்து போடிக்குப் பேருந்தும் ரயிலும் உண்டு. சென்னை சென்ட்ரலிலிருந்து நேரே போடிக்கு வாரத்தில் சில நாள்கள் ரயில் வருகிறது. போடியிலிருந்து குரங்கணிக்குப் பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாசி முதல் சித்திரை வரை தீப்பருவம். அப்போது போக வேண்டாம். மார்கழி, தை நல்ல பருவம். முதியோர் மேலே நடக்க எண்ண வேண்டாம். ஊரும் ஆறும் கோயிலும் போதும். மாத்திரைகளைப் போடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நலம். அங்குள்ளவர்களிடம் அந்த நாளைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். தேநீர் குடியுங்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

திரும்பும்போது போடியில் கால் கிலோ ஏலக்காய் வாங்கினோம். தூத்துக்குடி வைகுண்டபதி பெருமாள் கோயிலில் தீர்த்தத்துக்கென்று பாதியைக் கொடுத்தாள் என் மனைவி. மீதியைப் பித்தளைச் செம்பில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். ஆனித் திருவிழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க அது வேண்டுமாம்.